அளந்தவர் பெயர்

திருவண்ணாமலை
5-10-1978

சகாதேவனுக்கு,

கீழ்பென்னாத்தூர் கல்யாணத்தில் உன் அத்தை ஜோதியம்மாள் பந்தியில் உட்கார்ந்து சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது. "அவளா? மழை நோட்டையெல்லாம் பொட்டியில போட்டுப் பூட்டிக்கினா. மூத்தவ பையன் பெரிய படிப்பு படிச்சிட்டா அவளுக்கு வயிறு எரியாதா?" என்றாளாம். நீ பக்கத்து இலையில் இருந்திருக்கிறாய். மறுத்துப் பேசவில்லை.

அது பொய். மே மாதம் ஒன்பது நாள் என் கூடத்தில், ஜன்னல் ஓரமாக நான் போட்டுக் கொடுத்த மேஜையில், நாற்பத்தொரு வருடப் பதிவேடுகளையும் நீ பிரதி எடுத்தாய். கை கழுவிவிட்டுத் தொடு என்றதைத் தவிர வேறு நிபந்தனை போடவில்லை. பெட்டி திறந்தேதான் இருக்கிறது. நான் தராதது ஒன்றே ஒன்று, என் கையெழுத்து. "இப்பதிவுகள் உண்மையானவை" என்று எழுதித் தரும்படி உன் பேராசிரியர் கேட்கும் சான்றில் நான் கையெழுத்துப் போடவில்லை. காரணம் நீ அனுப்பிய ஆய்வுக் கட்டுரையின் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது.

நீ ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். நான் ஆங்கிலத்தில் எழுதினால் சித்தி கான்வென்ட் திமிரைக் காட்டுகிறாள் என்பாய்.

"ஏரிப் பணிகளின் ஓவர்சியராக இருந்த என் தந்தையார் ஆதிமூலம், திருவண்ணாமலையில் தம் வீட்டுத் தோட்டத்தில் மழைமானி அமைத்து, 1936 முதல் 1961-இல் மறையும் வரை நாள்தோறும் காலையில் மழையைத் தம் கையாலேயே அளந்து பதிவு செய்தார். அதன்பின் குடும்பத்தார் 1977 வரை தொடர்ந்தனர்."

உன் அப்பா மாதத்தில் இருபது நாள் ஏரிக்கரையில் கேம்ப் போட்டவர். மழைக்காலத்தில் முப்பது நாளும். காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து குவளையில் ஊற்றி அளந்தது நான். அந்த எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளில் எழுதி வைப்பேன். அவர் ஊர் திரும்பியதும் தாள்களைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். பதிவேடு அவர் கையெழுத்தில் இருப்பது அதனால்தான். காலண்டர் தாள்கள் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. மூன்றை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பு.

"குடும்பத்தார்" என்று எழுதியிருக்கிறாயே, அவர் போன பிறகு இந்த வீட்டில் குடும்பத்தார் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாயா?

இன்னொன்று. எட்டரைக்கு அளக்கும் மழை முந்தைய நாள் எட்டரை முதல் பெய்தது. நீ அதை அளந்த நாளின் மழையாகவே எடுத்துக்கொண்டு ஏரி நிரம்பிய தேதிகளோடு ஒப்பிட்டிருக்கிறாய். அதனால்தான் மழை பெய்வதற்கு முன்பே உன் ஏரிகள் நிரம்புகின்றன. எல்லா அட்டவணைகளையும் திருத்து.

ரேணுகாம்பாள்

—

வேலூர்
14-10-1978

சித்திக்கு வணக்கம்.

காலண்டர் தாள்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தேதிப் பிழை உண்மைதான். பேராசிரியரே கவனிக்காத ஒன்றை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். இரண்டு வார வேலை வீணாயிற்று. நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்கிறேன்.

அத்தை பேசியபோது நான் வாய் திறக்கவில்லை என்பதும் உண்மை. பந்தியில் யார் அவளுக்குப் பதில் சொல்ல முடியும்? நீங்கள் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தால் அவள் பேசியிருக்கவே மாட்டாள். பன்னிரண்டு வருடமாக எங்கள் பக்கத்து விசேஷம் எதற்கும் நீங்கள் வருவதில்லை.

அந்த வாக்கியத்தை மாற்றியிருக்கிறேன். "என் தந்தையார் மழையை அளந்து பதிவு செய்தார். அவர் வெளியூர் சென்ற நாட்களில் அவருடைய மனைவியார் உதவினார். 1961-க்குப் பின் அவரே தொடர்ந்தார்." இது போதும் என்று நினைக்கிறேன்.

என் நிலையையும் கொஞ்சம் பாருங்கள். எனக்கு நாற்பத்தாறு வயது. என்னிடம் படித்தவர்கள் இரண்டு பேர் இப்போது எனக்கு மேலே இருக்கிறார்கள். ஜனவரி பத்தாம் தேதிக்குள் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். உங்கள் கடிதத்தைப் பேராசிரியரிடம் காட்டினேன். "டிபார்ட்மெண்ட் ஆள் அளந்தார்னா எக்ஸாமினர் ஒத்துக்குவார். வீட்ல இருந்த அம்மா அளந்தாங்கன்னா நம்பரையே சந்தேகப்படுவார். உனக்கு இது தேவையா?" என்றார்.

எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. அப்பா பெயரில் இந்த உலகத்தில் எதுவும் இல்லை. அவர் கட்டிய மதகுகளில் கான்டிராக்டர் பெயர் இருக்கிறது. வீடு உங்கள் பெயரில் இருக்கிறது. இந்த ஒரு பக்கம்தான் அவருக்கு நான் கொடுக்க முடிந்தது. அதிலும் பாதியைக் கேட்கிறீர்கள்.

சான்றில் கையெழுத்திட்டு அனுப்பும்படி வேண்டுகிறேன்.

சகாதேவன்

—

திருவண்ணாமலை
20-10-1978

சகாதேவனுக்கு,

நான் பாதியைக் கேட்கவில்லை. நடந்ததை எழுது என்கிறேன்.

"உதவினார்." யார் யாருக்கு உதவியது? உனக்கு ஒன்பது வயதில் ஒரு நாள் அளவுக் குவளையை எடுத்துக் கிணற்றடியில் வைத்து விளையாடினாய். ரூல்தடியால் முழங்கையில் ஓர் அடி விழுந்தது. தழும்பு இன்னும் இருக்கும், சட்டைக் கையை மடித்துப் பார். அடித்தது அப்பாவா? அவர் அன்றைக்குப் போளூர் கேம்பில் இருந்தார். குவளையை உடைத்தால் மறுநாள் மழையை எதில் அளப்பது என்ற கவலை அந்த வீட்டில் யாருக்கு இருந்தது என்று உன் முழங்கைக்குத் தெரியும். உன் கட்டுரைக்குத்தான் தெரியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றையும் எழுதுகிறேன். 1949-இல் பெரிய எஞ்சினியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "ஒரு நாள் கூட விடலையே, எப்படிய்யா?" என்று கேட்டார். உன் அப்பா, "நானே தினமும் காலையில அளந்துடுவேன் சார். பழக்கமாயிடுச்சு" என்றார். நான் உள்ளே அவர்களுக்குக் காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். எஞ்சினியர் என்னைப் பார்த்து, "காப்பி பிரமாதம்மா" என்றார். அன்று இரவு உன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து அவர் போகும்வரை கேட்கவில்லை. இப்போது உன்னிடம் கேட்கிறேன்.

பேராசிரியர் என் எண்களைச் சந்தேகப்படுவாராம். கான்வென்ட்டில் எங்களுக்குப் பாடம் நடத்திய சிஸ்டர், நோட்டில் தவறு வந்தால் சுரண்டி அழிக்க விடமாட்டார். தவறான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும். கீழே இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். என் காலண்டர் தாள்களில் அப்படி அடித்த இடங்கள் இருக்கின்றன, சுரண்டிய இடம் ஒன்றும் இல்லை. நான் கண்ணால் பார்க்காத ஓர் எண்ணை ஒரு நாளும் எழுதியது கிடையாது. இதை உன் பேராசிரியரிடம் படித்துக் காட்டு.

எனக்குப் பெயர் இருக்கிறது. "அவருடைய மனைவியார்" என்பது பெயர் இல்லை. பெயர் வந்தால் கையெழுத்து வரும்.

விசேஷங்களுக்கு வருவதில்லை என்றாய். தாலி கட்டும் நேரத்தில் என்னை எந்த வரிசையில் உட்கார வைப்பார்கள் என்று உன் அத்தையைக் கேள்.

ரேணுகாம்பாள்

—

வேலூர்
11-11-1978

சித்திக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்துக்கு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். அதனால் தாமதம்.

தழும்பு இருக்கிறது. அடித்தது நீங்கள்தான். அதை எழுதி நினைவூட்டியிருக்க வேண்டாம், நான் மறந்ததில்லை. எஞ்சினியர் விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

பக்கம் பதினான்கு இப்போது இப்படி இருக்கிறது:

"இம்மழைமானியை அமைத்தவர் ஏரிப் பணிகளின் ஓவர்சியர் ஆதிமூலம். 1936 முதல் 1977 வரை நாள்தோறும் மழையை அளந்தவர் அவருடைய மனைவி ரேணுகாம்பாள். 1961 வரை அவர் குறித்துத் தந்த அளவுகளை ஆதிமூலம் பதிவேட்டில் எழுதினார். பின்னர் ரேணுகாம்பாளே தனியாக அளந்து எழுதினார்."

பேராசிரியர் முகத்தைச் சுளித்தார். பிறகு, "சரி, உங்க குடும்ப விவகாரம்" என்று விட்டுவிட்டார். ஆனால் அட்டவணைகளைப் பார்த்தபோது இரண்டு கேள்விகள் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

ஒன்று. 1963 தொடக்கத்திலிருந்து 1966 நடுவரை எல்லா அளவுகளும் முழு மில்லிமீட்டராகவே இருக்கின்றன. 7, 12, 31 என்று. அதற்கு முன்பு புள்ளி வைத்த எண்கள் இருக்கின்றன. 1966 ஜூனிலிருந்து மறுபடியும் 7.4, 12.2 என்று வருகின்றன. மூன்றரை வருடம் மட்டும் ஏன் அப்படி?

இரண்டு. பதிவு 19-8-1977 அன்று நின்றுவிடுகிறது. வருடக் கடைசி இல்லை, மாதக் கடைசிகூட இல்லை. மழைக்காலத்தின் நடுவே நிற்கிறது. ஏன்?

இரண்டுக்கும் அடிக்குறிப்பில் ஒரு வரி எழுத வேண்டும். நாட்கள் குறைவு.

சகாதேவன்

—

திருவண்ணாமலை
18-11-1978

சகாதேவனுக்கு,

பக்கம் பதினான்கைப் படித்தேன். சரியாக இருக்கிறது.

உன் பேராசிரியரின் கேள்விகளுக்கு: 1963-இல் என் கண்ணாடி பழசாகிவிட்டது. குவளையின் சின்னக் கோடுகள் தெளிவாகத் தெரியாததால் முழு எண்ணாக எழுதினேன். 1966-இல் வேலூருக்கு வந்து புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். 1977-இல் மழைமானியின் புனலில் ஓட்டை விழுந்துவிட்டது. மாற்றுப் புனல் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

சான்றில் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இருபதாம் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழைக்குக் கொடுத்த கூட்டுத்தொகை தவறு. மறுபடி கூட்டு.

ரேணுகாம்பாள்

—

வேலூர்
17-12-1978

சித்திக்கு வணக்கம்.

தீபத்துக்குத் திருவண்ணாமலை வந்திருந்தேன். வீட்டுக்கு வரவில்லை. காரணத்தைக் கடைசிவரை படித்தால் தெரியும்.

மலையைச் சுற்றி வந்தபோது அடி அண்ணாமலையில் மோர் குடிக்க நின்றேன். பானைக்குப் பின்னால் இருந்த அம்மாள் என்னையே பார்த்தாள். "நீங்க ஓவர்சியர் ஊட்டுப் புள்ள தானே?" என்றாள். நம் வீட்டில் பெருக்கித் துடைத்த சந்திரம்மாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் விடுமுறைக்கு வரும்போது அவளைப் பார்த்திருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை போலும்.

மழைமானியைப் பற்றி ஆராய்ச்சி எழுதுகிறேன் என்றேன், சும்மா பேச்சுக்கு. அவள் சிரித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மாவுக்குத்தான் கண்ணு தெரியாதே. நான்தான் கிளாஸைத் தூக்கிக் கண்ணுக்கு நேரா புடிப்பேன். 'எவ்ளோ?'னு கேப்பாங்க. பெரிய கோடு ஏழு, சின்ன கோடு ரெண்டுன்னு சொல்வேன். எழுதிக்குவாங்க. ஜாஸ்தி மழைன்னா நாலு வாட்டி ஊத்தணும். அப்பவும் தப்பு வராது."

எத்தனை வருடம் என்று கேட்டேன். "என் பெரிய பொண்ணு பொறந்த வருசத்திலேர்ந்து. அதுக்கு இப்ப பன்னெண்டு" என்றாள்.

அந்தப் பெண் 1966-இல் பிறந்தவள், சித்தி. 7.4-உம் 12.2-உம் திரும்பி வந்த வருடம். அந்த வருடம் நீங்கள் வேலூருக்கு வரவில்லை. வேலூரில் நான்தான் இருந்தேன். வந்திருந்தால் என் வீட்டில்தான் தங்கியிருப்பீர்கள், அல்லது தங்க மறுத்திருப்பீர்கள். இரண்டும் நடக்கவில்லை.

ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டேன். "அம்மா வரவேணாம்னாங்க" என்றாள். கிளம்பும்போது, "அம்மா நல்லா கீறாங்களா? இப்ப மழைக்கு யாரு கிளாஸ் பாக்கறாங்க?" என்று கேட்டாள். நான் சட்டைப் பையில் காசைத் தேடினேன். மோருக்குக் காசும் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அதன் பிறகு உங்கள் வீட்டு வாசல் வரை வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. கதவைத் தட்ட மனம் வரவில்லை. தட்டியிருந்தால் கத்தியிருப்பேன்.

உங்கள் பெயருக்காக ஒரு வாக்கியத்தை என்னை இரண்டு முறை மாற்ற வைத்தீர்கள். என் அப்பா ஓர் எஞ்சினியரிடம் பொய் சொன்னார் என்று எனக்கு எழுதினீர்கள். இரண்டு மாதமாக அவர் படத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. "பார்க்காத ஓர் எண்ணை ஒரு நாளும் எழுதியது கிடையாது" என்றும் எழுதினீர்கள். அதை நான் பேராசிரியரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன்.

உங்கள் சான்று என்னிடம் இருக்கிறது. இப்படியே கட்டுரையைக் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. சந்திரம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது.

என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்கள்.

சகாதேவன்

—

திருவண்ணாமலை
24-12-1978

சகாதேவனுக்கு,

உன் கடிதத்தை நான்கு நாள் வைத்திருந்தேன். உனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். இல்லை என்று எழுதாதே.

18-11 தேதியிட்ட என் கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். கண்ணாடி, புனல் பற்றிய வரிகளின் மேல் ஒரே ஒரு கோடு போடு. படிக்கும்படி இருக்கட்டும். சரியானதை இங்கே எழுதுகிறேன்.

1963-இல் கண்ணில் புரை விழுந்தது. காகிதத்தை மூக்கருகே பிடித்தால் படிக்கலாம், எழுதலாம். நீர் நிறைந்த குவளையை மட்டமாகத் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கையும் நடுங்கும். நீண்ட கோடுகள் மட்டும் நிழல்போலத் தெரிந்தன. எனவே முழு எண்களை எழுதினேன். நான்கு என்று எழுதிய நாளில் மூன்றாகவும் இருந்திருக்கலாம், ஐந்தாகவும் இருந்திருக்கலாம். அந்த மூன்றரை வருட எண்களை நம்ப வேண்டாம் என்று உன் அடிக்குறிப்பில் எழுது. மருத்துவரிடம் நான் போகவில்லை. போனால் ஊருக்குத் தெரியும். உன் அத்தைக்குத் தெரியும்.

1966 ஜூனில் ஒரு காலை நான் ஏழு என்று எழுதப் போனேன். சந்திரம்மாள் துடைப்பத்தோடு பின்னால் நின்றிருந்தாள். "ஏழு இல்லீங்கம்மா. மேல ரெண்டு சின்ன கோடு கீது" என்றாள். உனக்கு என்ன தெரியும், போய் வேலையைப் பார் என்றேன். சின்னக் கோடு ஒன்றுக்கு 0.2 வீதம், அவள் போன பிறகு நான் எழுதியது 7.4.

மறுநாள் அவளைச் சோதித்தேன். சின்ன ஆழாக்கால் பத்து முறை வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றிக் குவளையைக் காட்டச் சொன்னேன். பத்து முறையும் சரியாகச் சொன்னாள். சரி என்று நான் சொல்லவில்லை. பதினோரு வருடத்தில் ஒரு நாளும் சொல்லவில்லை. மழை நாட்களில் அடி அண்ணாமலையிலிருந்து நனைந்துகொண்டே எட்டரைக்கு முன் வந்து நிற்பாள். தாமதமாக வந்த நாள் இரண்டு. இரண்டும் பிரசவத்துக்கு மறுநாள்.

1977 ஆகஸ்டில் தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். அவர்கள் மழைமானி பழுதாகிவிட்டதாம், அந்த வார அளவு வேண்டும் என்றார். நான் உள்ளே பதிவேட்டை எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது, "நான்தான் சார் அளக்கறேன். பதினோரு வருசமா" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்படியாம்மா?" என்றார். "அது ஏதோ உளறுது" என்றேன் நான்.

அவர் போன பிறகு நாளை முதல் வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். குவளையைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மழை பெய்தது. எட்டரைக்குப் போய்க் குவளையில் ஊற்றினேன். தூக்கிப் பிடித்தேன். பெரிய கோடும் தெரியவில்லை. தண்ணீரைச் செம்பருத்திச் செடியில் கொட்டிவிட்டுப் பதிவேட்டை மூடினேன். புனலில் ஓட்டை இல்லை. இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது.

உன் அப்பா சொன்னது பொய்தான். அதை நான் திரும்பப் பெறவில்லை. காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது. ஆகஸ்டில் சந்திரம்மாளும் அதே இடத்தில்தான் நின்றாள், சமையலறை நிலைப்படியில். அது எனக்கு அன்றே தெரிந்தது. தெரிந்தும் சொன்னேன். இதை எழுதுவதால் நீ எனக்கு ஆறுதல் எழுத வேண்டியதில்லை. வீட்டுக்கும் வர வேண்டாம்.

நான் அனுப்பிய சான்று செல்லாது. அதில் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பு. புதிய சான்று இத்துடன் இருக்கிறது. பக்கம் பதினான்கு கீழ்க்கண்டவாறு இருந்தால் மட்டுமே அது செல்லும். இந்த முறை வாக்கியம் என்னுடையது. நீ மாற்றக் கூடாது.

"மழைமானியை அமைத்தவர் ஆதிமூலம். 1936 முதல் 1966 ஜூன் வரை மழையை அளந்தவர் ரேணுகாம்பாள். 1966 ஜூன் முதல் 19-8-1977 வரை அளந்தவர் அடி அண்ணாமலை சந்திரம்மாள். அவர் சொன்ன எண்களை ரேணுகாம்பாள் எழுதினார்."

டிபார்ட்மெண்ட் ஆளுக்குப் பதில் வீட்டு அம்மாள் என்றதற்கே முகத்தைச் சுளித்த உன் பேராசிரியர் இதற்கு என்ன செய்வார் என்று தெரியவில்லை. எக்ஸாமினர் எண்களைச் சந்தேகப்படலாம். உன் பதவி உயர்வு இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போகலாம். அதற்கு நான் பொறுப்புத்தான். ஆனால் அந்தக் கட்டுரையில் சந்தேகப்படவே வேண்டாத எண்கள் அந்தப் பதினோரு வருடத்தவைதான்.

நீ அடி அண்ணாமலைக்கு இன்னொரு முறை போக வேண்டும். இந்த நான்கு வரிகளைத் தமிழில் சந்திரம்மாளுக்குப் படித்துக் காட்டு. அவள் பெயரைத் தகப்பனார் பெயரோடு போடுவதா, கணவர் பெயரோடு போடுவதா என்று கேள். அதற்கும் முன்னால், தன் பெயர் என் பெயருக்குக் கீழே வர அவளுக்குச் சம்மதமா என்று கேள். வேண்டாம் என்றால் அவள் சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் எழுது.

ஜனவரி ஐந்தாம் தேதிக்குள் அவள் பதிலை எனக்குக் கடிதமாக எழுதி அனுப்பு.

ரேணுகாம்பாள்